கல்லும் ஏடும்: மூதூர்ப் பதிவுகளில் நிலையுரையும் நாள்வழிக் குறிப்பும்

ஓர் ஊரைப் பற்றிய செய்திகளை எழுதிவைக்க முற்படுவோர் எக்காலத்திலும் இரு வழிகளுள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியவராயினர். ஊரின் அமைவிடம், குடிகள், கோயில்கள், வயல்கள், வழமைகள் ஆகியவற்றை ஒருமுறை முழுமையாக எழுதி, அதனையே என்றைக்கும் உரிய உரையாக நிறுத்துவது ஒரு வழி. நிகழ்வனவற்றை நாளும் ஆண்டும் இட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்துச் செல்வது மற்றொரு வழி. முன்னையதை நிலையுரை என்றும் பின்னையதை நாள்வழிக் குறிப்பு என்றும் இக்கட்டுரை வழங்குகின்றது. இன்று ஒரு பாடசாலையோ சங்கமோ தனக்கென இணையத்தளம் அமைக்கும்போது, எச்செய்தியை நிலையான பக்கமாக வைப்பது, எதனை நாளிட்ட பதிவாக இடுவது என எழும் வினாவும் இதுவேயாகும்.

இவ்வினா இணையத்தோடு பிறந்ததன்று. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்த மூதூரும் அதனைச் சூழ்ந்த திருகோணமலை மாவட்டமும் பல நூற்றாண்டுகளாக இவ்விரு வகைப் பதிவுகளையும் பெற்று வந்துள்ளன. அவற்றை ஒப்புநோக்குமிடத்து, இரண்டும் வெவ்வேறு பணிகளுக்கு உரியன என்பதும், ஒன்று மற்றதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளும்போது வரலாறு பழுதடைகின்றது என்பதும் புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மூதூரின் நினைவுக்கல்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகத்தில் ஈடுபட்டிருந்த 'ஆன்' என்னும் கப்பல், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத் துறையில் வீசிய புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரத்துக்கு மரம் வெட்டவும் வணிகஞ் செய்யவும் அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் திசாவை படையுடன் வந்து, கப்பற்றலைவன் றொபேட் நொக்ஸையும் அவன் மகனையும் உள்ளிட்ட 16 பேரைச் சிறைப்பிடித்தான். தந்தையின் பெயரே மகனுக்கும் வழங்கியது. தந்தை 1661 பெப்ருவரியிற் காய்ச்சலால் மாண்டார். மகன் ஏறத்தாழப் பத்தொன்பதரை ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கழித்து, 1679 ஒக்டோபரில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றார்.

இந்நிகழ்ச்சியின் நினைவாக மூதூரில் ஒரு கல் நாட்டப்பட்டது. வெள்ளையனின் மரம் எனப் பொருள்படும் பெயரை மரத்துக்குச் சூட்டி, அதன் கீழ் ஆன் கப்பலின் தலைவன் நொக்ஸ் 1660இற் பிடிபட்டமையையும், இளைய நொக்ஸ் 19 ஆண்டுகள் கண்டியரசனின் சிறையில் இருந்தமையையும், அக்கல் 1893இல் வைக்கப்பட்டமையையும் அது சில வரிகளிற் கூறுகின்றது. நிலையுரைக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. வழிப்போக்கன் ஒருவன் நின்ற நிலையிலேயே படித்து, நிகழ்ந்தது இன்னது என அறிந்துகொண்டு செல்லலாம்.

ஆயின் அக்கல்லை மட்டும் படித்தவர் பெறும் சித்திரம் முழுமையானதன்று. இளைய நொக்ஸ் எழுதிய விவரத்தின்படி, புளியமரத்தின் கீழ் அமர்ந்திருந்தபோது பிடிபட்டவர் தந்தையே. மகனோ, கப்பலின் வணிகர் ஒருவருடன் திசாவையைக் காண முன்னரே அனுப்பப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டிருந்தார். பின்னர் மகன் மட்டும் கப்பலுக்குச் சென்றுவர அனுமதிக்கப்பட்டார். கப்பலிலேயே தங்கியிருப்பின் அவர் தப்பியிருக்கலாம். தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி அவர் மீண்டும் கரைக்கு வந்தார். கப்பல் பின்னர் அவர்களை விட்டுச் சென்றது. இவ்வாறு நாள் நாளாக விரிந்த ஒரு நிகழ்ச்சி கல்லில் ஒரு மரத்தடிக்குள்ளும் ஓர் ஆண்டுக்குள்ளும் சுருங்கிவிட்டது. மகன் திரும்பி வந்த செய்திக்கு அங்கே இடமில்லை.

எனினும் கல்லை நாட்டியோர் ஒரு நன்மை செய்துள்ளனர். நிகழ்ச்சியின் ஆண்டோடு கல் நாட்டிய ஆண்டையும் அவர்கள் பொறித்துள்ளனர். 233 ஆண்டுகளுக்குப் பிற்பட்ட ஒருவரின் கூற்று இது என்பதை வாசகர் அவ்வொரு வரியால் அறிகின்றனர். நிலையுரை நம்பத்தக்கதாவதற்கு வேண்டிய முதல் நிபந்தனை, அது எப்போது எழுதப்பட்டது என்பதை அதுவே கூறுதலாகும்.

2. நொக்ஸின் நூலும் இடையிட்ட தாள்களும்

விடுதலை பெற்ற நொக்ஸ் தாய்நாடு திரும்பும் கடற்பயணத்தில் எழுதத் தொடங்கிய நூல், அறிவியலாளர் றொபேட் ஹூக்கின் முன்னுரையுடன் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அதன் அமைப்பு இங்கு ஆராயப்படும் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. நூல் நான்கு பாகங்களைக் கொண்டது. முதற்பாகம் நாட்டையும் அதன் விளைபொருள்களையும், இரண்டாம் பாகம் மன்னனையும் ஆட்சியையும், மூன்றாம் பாகம் மக்களையும் அவர்தம் பழக்கவழக்கங்களையும் கூறுகின்றன. இம்மூன்றும் பொருள்வாரியாக வகுக்கப்பட்டவை. நெல் விளைவிக்கும் முறையை அறிய விரும்புபவர், நொக்ஸ் அதனை எந்த ஆண்டிற் கண்டார் எனத் தேட வேண்டியதில்லை. நான்காம் பாகமோ சிறைப்பட்டது முதல் தப்பியது வரையுள்ள நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் உரைக்கின்றது.

ஒருவரே, ஒரே நூலில், இரு முறைகளையும் கையாண்டுள்ளார். நிலைத்த வழமைகளுக்குப் பொருள் வரிசையும், நிகழ்ச்சிகளுக்குக் கால வரிசையும் உரியன என அவர் கொண்டார் எனலாம். இப்பகுப்பின் பயனைப் பின்வந்தோர் நன்கு உணர்ந்தனர். பதினேழாம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தின் சமூக வரலாற்றை எழுதுவோர் முதன் மூன்று பாகங்களை நாடுகின்றனர். மூதூர்க் கல் கூறாது விட்டதை அறிய விரும்புவோர் நான்காம் பாகத்துக்குச் செல்கின்றனர்.

நொக்ஸ் அத்துடன் நின்றுவிடவில்லை. அச்சிட்ட தமது நூற்பிரதியில் தாள்களுக்கிடையே வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து, 1720இல் இறக்கும் வரையான வாழ்நாளில் நினைவுக்கு வந்த புதிய செய்திகளையும் திருத்தங்களையும் அவற்றில் எழுதிவந்தார். அச்சுப்பக்கம் அவ்வாறே இருக்க, அதன் எதிரே பிற்கால அறிவு இடம்பெற்றது. இச்சேர்க்கைகளை உள்ளடக்கிய பதிப்பு ஜே. எச். ஓ. பவுலுஸால் 1989இல் இலங்கையில் வெளியிடப்பட்டது. 1681இல் நொக்ஸ் கூறியது எது, பின்னர் கூறியது எது என்பதை ஆராய்ச்சியாளர் பிரித்தறிய முடிகின்றது. பழைய பக்கத்தை அழித்து அதன்மேல் எழுதியிருந்தால் இவ்வாய்ப்பு இல்லாது போயிருக்கும்.

3. கல்வெட்டு எனப் பெயர்பெற்ற ஏடும், நாளிட்ட கல்லும்

கல் நிலையுரைக்கும் ஏடு நாள்வழிக் குறிப்புக்கும் உரியன எனப் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது என்பதை, நொக்ஸுக்கு முற்பட்ட திருகோணமலைச் சாசனங்கள் காட்டுகின்றன.

கவிராசவரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு, பெயராற் கல்வெட்டேயன்றி, செய்யுளும் உரைநடையும் விரவிய ஏட்டிலக்கியமாகும். குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்தமையையும், தானத்தார், வரிப்பத்தார் முதலியோரைக் குடியமர்த்தி அவரவர் தொழும்புகளையும் உரிமைகளையும் வகுத்தமையையும் அது விரித்துரைக்கின்றது. கோயில் ஒழுங்குகள் என்றும் மாறாது நிலவவேண்டும் என்பதே அதன் நோக்கம். கல்வெட்டு என்னும் பெயரே அந்நோக்கத்தை உணர்த்துகின்றது. கோயிற் சமூகத்தின் அமைப்பை அறிய இந்நூலுக்கு இணையான மூலம் பிறிதில்லை எனலாம். ஆனால் காலத்தைக் கூறுமிடத்து அது துணைசெய்வதில்லை. திருப்பணி கலியுகம் 512இல் நிகழ்ந்ததாக அது உரைக்கின்றது. இது கி. மு. 2590ஆம் ஆண்டளவாகும், வரலாற்றாசிரியர் இதனை ஏற்பதில்லை.

இதற்கு மாறாக, திருகோணமலைக் கோட்டையிற் கிடைத்த வடமொழிச் சாசனத் துண்டொன்று சோடகங்கதேவன் என்பான் சகம் 1145இல், அதாவது கி. பி. 1223இல், இங்கு வந்தமையைக் கூறுகின்றது. இச்சோடகங்கனே குளக்கோட்டன் என ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்கருத்தை ஏற்பினும் ஏற்காவிடினும், சிதைந்த ஒரு கல்லில் எஞ்சிய ஆண்டெண் ஒன்று, முழு நூலால் இயலாத உறுதியை அளித்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. 1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தியபோது சாசனங்கள் பல சிதைந்தன. கோட்டை வாயிலில் இரு கயல்களுடன் காணப்படும் தமிழ்க் கல்வெட்டும் குறையாகவே எஞ்சியுள்ளது.

இராசராசப்பெரும்பள்ளி என வழங்கிய வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டுக்கள் வேறொரு வகையைச் சார்ந்தவை. சோழரின் ஆட்சியாண்டுகளைக் குறித்து, விளக்கெரிப்பதற்கும் பிறவற்றுக்கும் பல்வேறு மக்கள் அளித்த கொடைகளை அவை தனித்தனியே பதிவு செய்கின்றன. கல்லிற் பொறிக்கப்பட்டிருப்பினும் தன்மையில் இவை நாள்வழிக் குறிப்புகளே. எந்த ஒரு கொடையும் முன்னைய கொடையை அழிக்கவில்லை. அதன் பக்கத்திற் சேர்ந்தது.

சோழர் சாசன மரபு இவ்விரு முறைகளையும் ஒரே கல்லில் இணைத்தமையும் இங்கு நோக்கற்பாலது. கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தி, எல்லா ஊர்களுக்கும் பொதுவான நிலையுரையாகும். அதனை அடுத்து ஆட்சியாண்டும், அவ்வூரில் நிகழ்ந்த கொடையும் வரும். மெய்க்கீர்த்தி கூட அசையாது நிற்கவில்லை. முதலாம் இராசேந்திரனின் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுக்களில் ஈழ வெற்றி இல்லை. பின்னர் அது சேர்ந்தது. கங்கையும் கடாரமும் அதற்கும் பிற்பட்ட ஆண்டுகளில் இடம்பெற்றன. ஆண்டெண் சிதைந்த கல்வெட்டொன்றின் காலத்தை, அதன் மெய்க்கீர்த்தி எவ்வெற்றி வரை செல்கின்றது என்பதைக் கொண்டு அறிஞர் கணிக்கின்றனர். நிலையுரையின் பழைய வடிவங்கள் அழிக்கப்படாது கல்லில் நின்றமையாலேயே இக்கணிப்பு இயலுகின்றது.

4. நாட்குறிப்பிற் பதிந்த கல்

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் திருகோணமலையின் தலைமை அதிகாரியாக விளங்கிய வான் சென்டன், 1786இல் கொட்டியாரம் உள்ளிட்ட பகுதிகளிற் பயணஞ் செய்து நாட்குறிப்பு எழுதினார். எந்நாளில் எவ்வூருக்குச் சென்றார், அங்கு எதனைக் கண்டார் என்பன பயண வரிசையில் அமைந்த குறிப்பு அது. மூதூரையடுத்த கங்குவேலியில் இருந்த கல்வெட்டொன்றும் அவர் கவனத்துக்கு வந்தது. கொட்டியாரப்பற்றின் வயல்வருவாயைக் கோணேசர் கோயிலுக்கு வன்னியர்கள் உரிமையாக்கியமையைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு கங்குவேலியில் உள்ளமை பின்னாளில் ஆய்வாளரால் விரிவாக எடுத்துரைக்கப்பட்டது.

கொடையை என்றென்றைக்கும் உறுதிசெய்ய நாட்டப்பட்ட கல்லை, ஒருநாட் பயணத்தின் இடையே ஒருவர் கண்டு எழுதுகின்றார். கல் கூறுவது உரிமை. நாட்குறிப்புக் கூறுவது 1786இல் இருந்த நிலைமை. கோயில் இடிபட்டு 162 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அக்கோயிலுக்குரிய கொடைக்கல் வயல்வெளியில் நின்றது என்பதை, நாளிட்ட குறிப்பின்றி எவரும் உறுதியாகக் கூறவியலாது.

பிரித்தானியர் காலத்திலும் இவ்விரட்டை வழக்கு நீடித்தது. அரசாங்க அதிபர்களும் உதவி அதிபர்களும் தம் பணிகளை உத்தியோக நாட்குறிப்பிற் பதிதல் வேண்டும். லெனாட் வூல்வ் அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை எழுதியவை பிற்காலத்தில் நூலாகவும் வெளிவந்தன. மறுபுறத்தில், மாவட்டமொன்றின் நிலம், குடிகள், வழமை ஆகியவற்றைத் தொகுத்துரைக்கும் நூல்களும் எழுந்தன. அயல் மாவட்டமான மட்டக்களப்பைப் பற்றி எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் வெளியிட்ட நூல் இவ்வகையினது. தொகுப்பு நூல் வழிகாட்டியாயிற்று. நாட்குறிப்பு அதற்குச் சான்றாயிற்று.

5. ஒரே உரையாக்க இயலாத நிகழ்ச்சி

இதுவரை கூறியவை பழங்காலத்தனவாதலின், எம்முறையைக் கொள்வது என்பது அறிஞர்க்கு மட்டுமுரிய வினாவாகத் தோன்றலாம். மூதூரின் அண்மைக்கால வரலாறு அவ்வாறு கருத இடந்தராது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மூதூர்க் கரையைத் தாக்கியது. 2006 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நிகழ்ந்த போரில் ஊர்மக்கள் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்து கந்தளாய் முதலிய இடங்களை அடைந்தனர். அம்மாதம் 4ஆம் நாள், பட்டினிக்கு எதிரான செயற்பாடு என்னும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர், மூதூரிலிருந்த அந்நிறுவன வளாகத்திற் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

இக்கொலைகள் பற்றிய கூற்றுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு 2006 ஓகஸ்ட் இறுதியில் பாதுகாப்புப் படையினரைப் பொறுப்பாளிகள் எனக் கூறியது. அரசாங்கம் அதனை மறுத்தது. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பு 2008 ஏப்பிரிலில் தனது விசாரணை முடிவுகளை வெளியிட்டது. சனாதிபதி விசாரணை ஆணைக்குழு 2009இல் அறிக்கை கையளித்தது. படையினருக்குத் தொடர்பில்லை என்பது அதன் நிலைப்பாடாகச் செய்திகளில் வந்தது. அவ்வறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதோ 2015இலேயே. தொண்டு நிறுவனம் உள்நாட்டு நீதியில் நம்பிக்கையிழந்து 2013 டிசம்பரிற் படையினரைக் குற்றஞ்சாட்டித் தன் அறிக்கையை வெளியிட்டது. எவருக்கும் நீதிமன்றம் தண்டனை விதிக்கவில்லை.

இவ்வரிசையைக் கலைத்து, இறுதியாகக் கிடைத்த கூற்றை மட்டும் நிலையுரையாக எழுதிவைத்தால் நேர்வது யாது? எவர் எப்போது எதனை அறிந்திருந்தனர், எதனை மறுத்தனர், எத்தனை ஆண்டுகள் ஓர் அறிக்கை வெளிவராதிருந்தது என்பன மறைந்துவிடும். கொல்லப்பட்டோரின் உறவினர்க்கு இக்காலக்கணக்கே வழக்கின் ஒரு பகுதியாகும். மற்றொரு தீங்கும் உண்டு. நாளிட்ட செய்திகள் மட்டுமே இருந்து, அவற்றைத் தொகுத்துரைக்கும் உரை ஒன்று இல்லையாயின், அடுத்த தலைமுறையினர் செய்தித்தாட் குவியலிடையே 17 பேரையும் தேடவேண்டியவராவர். ஆகவே இந்நிகழ்ச்சிக்கு இரு வகைப் பதிவும் வேண்டும்.

6. இணையத்தளத்துக்கு உரிய பாடம்

மேற்கூறியவற்றின் துணைகொண்டு தொடக்கத்தில் எழுந்த வினாவை மீண்டும் நோக்கலாம். ஊரின் பெயர், எல்லை, கோயில்கள், பள்ளிவாசல்கள், பாடசாலைகளின் வரலாறு போன்றவை நிலையான பக்கத்துக்கு உரியன. அவற்றை நாளிட்ட பதிவாக இட்டால், புதியன சேரச் சேரப் பழையன அடியிற் புதையுண்டு, ஊரைப் பற்றி முதன்முதலில் அறியவருபவர் அவற்றைக் காணாது செல்வர். விழாக்கள், வெள்ளம், அகழ்வாய்வு, கூட்டத் தீர்மானம் போன்றவை நாளிட்ட பதிவுக்கு உரியன. அவற்றை நிலையான பக்கத்தில் திணித்தால், சில ஆண்டுகளில் அப்பக்கம் வாசகரைப் பிழைவழிப்படுத்தும்.

போக்குவரத்து இதற்குத் தக்க சான்றாகும். திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் செல்வோர் நெடுங்காலம் கடல்வழிப் படகையும், தரைவழியாயின் துறைதோறும் பாதையையும் நம்பியிருந்தனர். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதனையடுத்து அவ்வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. பாதையைக் கூறிய பழைய உரை பயணிக்குப் பிழையாயிற்று. ஆனால் வரலாறு எழுதுபவருக்கு அதுவே அரிய சான்று. அதனைத் திருத்துவதும் வேண்டும், காப்பதும் வேண்டும்.

இதற்கு வழியில்லாமலில்லை. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலும், ஈழத்து எழுத்தாவணங்களைத் தொகுக்க 2005இல் தொடங்கிய நூலகம் தளத்திலும், வாசகர் முதலிற் காண்பது நிலையான பக்கமே. அதன் பின்னே, எவ்வரி எந்நாளில் மாற்றப்பட்டது என்னும் வரலாறு முழுவதும் சேமிக்கப்பட்டுள்ளது. நொக்ஸ் வெற்றுத்தாள்களை இடையிட்டுச் செய்ததையே இங்கு பொறி செய்கின்றது. இத்தகைய வசதி இல்லாத சிறிய தளங்களும் எளிய ஒழுங்குகள் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். நிலையான பக்கம் ஒவ்வொன்றிலும் அது எழுதப்பட்ட நாளையும் இறுதியாகத் திருத்திய நாளையும் இடுதல். திருத்தத்துக்குக் காரணமான நிகழ்ச்சியைத் தனிப்பதிவாக எழுதி அதற்கு இணைப்புத் தருதல். நாளிட்ட பதிவு எதனையும் பின்னர் அழிக்காது, பிழை காணின் புதிய நாளிட்டுத் திருத்தம் சேர்த்தல் என்பன அவை.

முடிவுரை

கொட்டியாரப்பற்றின் கிராமங்கள் பலவற்றுக்கு இன்னும் முறையான வரலாற்று நூல் இல்லை. போரினாலும் பேரலையினாலும் இடம்பெயர்ந்தோரின் வீட்டு உறுதிகளும் கோயிற் கணக்குகளும் பாடசாலைச் சம்பவத்திரட்டுக்களும் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுக்க முற்படும் மாணவர், அழகிய தலவரலாறு ஒன்றை எழுதி முடிப்பதோடு நின்றுவிடலாகாது. சம்பவத்திரட்டின் ஒவ்வொரு நாட்குறிப்பையும் அவ்வந்நாளோடு படியெடுத்து, தலவரலாற்றின் பக்கத்தில் வைத்தல் வேண்டும். வெல்கம் விகாரையில் விளக்குக்குக் கொடை அளித்தவர்களின் பெயர்கள் இன்றும் வாசிக்கப்படுவது, எவரோ ஒருவர் ஆட்சியாண்டையும் சேர்த்து அவற்றைப் பொறித்து வைத்தமையாலாகும். மூதூரில் வாழ்ந்து மறைந்தோருக்கும் அதே அளவு கவனம் உரியது.